யூஎஸ்டிடி விற்கணும்: சந்தை விலைக்கு மேல் 4 ரூபாய் தருகிறார் ஒருத்தர், நம்பலாமா?

திருப்பூர்_பனியன்

வணக்கம் நண்பர்களே. 2021-ல் ஊரே கிரிப்டோ வாங்கியபோது நானும் கொஞ்சம் வாங்கிப் போட்டேன். போன மாதம் எல்லாவற்றையும் டாலர் மதிப்பை ஒட்டி நிற்கிற யூஎஸ்டிடி காயினாக மாற்றிவிட்டேன், 2,000 இருக்கிறது. தங்கை கல்யாணம் வருகிறது, பணமாக்க வேண்டும்.

எக்ஸ்சேஞ்சில் நேரடியாக விற்றால் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிறார்கள், விலையும் குறைவு. டெலிகிராம் குழுவில் ஒருத்தர் யூனிட்டுக்கு 4 ரூபாய் கூடத் தருகிறேன் என்கிறார். 8,000 ரூபாய் கூடுதல், எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. எக்ஸ்சேஞ்சின் பி2பி (ஆளுக்கு ஆள் நேரடி விற்பனை) வழியாகவே செய்யலாம், காயின் எஸ்க்ரோவில், அதாவது எக்ஸ்சேஞ்சின் பொறுப்பில் இருக்கும், உங்கள் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்துவிட்டு ரிலீஸ் கொடுங்கள் என்கிறார். பணம் வந்த பிறகுதானே காயினை விடப் போகிறேன்? இதில் ஏமாற என்ன இருக்கிறது?

நெல்லை_அண்ணாச்சி

கடையில் கிடைக்கிற சரக்கை ஒருத்தன் கூட விலை கொடுத்து உங்களிடம் வந்து வாங்குகிறான் என்றால், அவன் நீட்டுகிற நோட்டைத்தான் முதலில் திருப்பிப் பார்க்கணும் தம்பி.

பி2பி_ராஜா

அண்ணாச்சி, சும்மா பயமுறுத்தாதீங்க. நம்ம நாட்டில் யூஎஸ்டிடி விலை வங்கி டாலர் விலைக்கு மேலேதான் பெரும்பாலும் ஓடும். டாலர் வாங்குவது இங்கே சுலபம் இல்லை, யூஎஸ்டிடிக்குத் தேவை அதிகம், அவ்வளவுதான். கூட விலை என்றாலே திருட்டுப் பணம் என்பது அபத்தம்.

நான் தினமும் செய்கிறேன். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். அனுப்பியவர் பெயரும் பி2பியில் அடையாளச் சான்றோடு பதிந்த (கேஒய்சி) பெயரும் ஒன்றாக இருக்கணும். வேறு பெயரில் பணம் வந்தால் திருப்பி அனுப்பிவிட்டு ஆர்டரைக் கேன்சல் பண்ணச் சொல்லுங்கள். இதைச் செய்தால் போதும்.

செல்வி_கோவை

ராஜா சார் சொன்னது எல்லாவற்றையும் நானும் செய்தேன். பெயர் பொருந்தியது, ஆப்பில் இருப்பு ஏறியது, வாங்கியவருக்கு நூற்றுக்கணக்கில் முடிந்த ஆர்டர்கள், 98 சதவீதத்துக்கு மேல் ரேட்டிங். விற்று முடித்து அதை மறந்தே போயிருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் மளிகைக் கடையில் யூபிஐ போகவில்லை. சர்வர் பிரச்சினை என்று நினைத்துக் கையில் இருந்த காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஏடிஎம்மிலும் வரவில்லை. கிளையில் போய்க் கேட்டால், "மேடம், சைபர் கிரைம்ல இருந்து ஹோல்டு வந்திருக்கு" என்று ஒரு தாள் எடுத்துக் கொடுத்தார்கள். அதில் ஒரு புகார் எண், வடமாநில சைபர் காவல் நிலையம் ஒன்றின் பெயர், தொகை 14,500. நான் விற்றது அதைவிடப் பல மடங்கு. என் கணக்குக்கு வந்ததில் 14,500 மட்டும் யாரோ ஒருவர் பறிகொடுத்த பணமாம். அந்த ஊரை நான் வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை.

சரி, 14,500-ஐ மட்டும் நிறுத்தி வைத்தால் பரவாயில்லை. மொத்தக் கணக்கையும் டெபிட் ஃப்ரீஸ் செய்துவிட்டார்கள், அது என் சம்பளக் கணக்கு. சம்பளம் உள்ளே வரும், வெளியே எடுக்க முடியாது. வீட்டுக் கடன் தவணை பவுன்ஸ் ஆகி, அதற்கு அபராதம், சிபில் ஸ்கோரும் இறங்கியது. வங்கியைக் கேட்டால் போலீஸ் சொன்னால்தான் எடுப்போம் என்கிறார்கள். அந்த நிலையத்துக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை, எடுத்தாலும் நேரில் வாருங்கள் என்கிறார்கள். எக்ஸ்சேஞ்சின் வாடிக்கையாளர் சேவையோ, உங்கள் ஆர்டர் வெற்றிகரமாக முடிந்துவிட்டது, எங்கள் பக்கம் எதுவும் நிலுவையில் இல்லை என்று பதில் அனுப்பியது. அவர்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. எஸ்க்ரோ காயினைத்தான் பிடித்து வைக்கிறது, வருகிற பணம் எங்கிருந்து வருகிறது என்று அது பார்ப்பதில்லை.

திருப்பூர்_பனியன்

அக்கா, பெயர் பொருந்தியும் எப்படி இப்படி ஆனது? அந்த வாங்கியவர்தான் திருடனா?

கவுன்டர்_3

நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி வருடங்களில் இந்த ஹோல்டு மெயில்களைப் பார்ப்பதே எங்கள் கிளையில் பாதி வேலையாக இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

எங்கோ ஒருவரை "டிஜிட்டல் கைது" என்று மிரட்டியோ, வீட்டிலிருந்தே வேலை என்று ஆசை காட்டியோ பணத்தைப் பிடுங்குகிறார்கள். அது முதலில் வாடகைக்கு எடுத்த ஒரு கணக்குக்குப் போகும். மியூல் கணக்கு என்போம். அங்கிருந்து சில நிமிடங்களில் ஐந்தாறு கணக்குகளுக்குப் பிரியும், அங்கிருந்து இன்னும் பத்துக்கு. இதைத்தான் முதல் லேயர், இரண்டாம் லேயர் என்று போலீஸ் சொல்வார்கள். வங்கிக்குள் சுற்றுகிற வரை பணத்தைப் பிடித்துவிடலாம், வெளியே எடுத்தால்தான் அவர்களுக்கு லாபம். ஏடிஎம்மில் எடுக்க வரம்பு உண்டு, கேமராவும் உண்டு. யூஎஸ்டிடி வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை, வாலட்டுக்கு வாலட் தாண்டி நாட்டை விட்டே போய்விடும். ஆகவே மூன்றாவது, நான்காவது லேயரில் இருக்கிற ஆள்தான் பி2பியில் வாங்க வருகிறான். அவன் கேஒய்சி அசல், கணக்கும் அவன் பெயரில்தான். பெயர் பொருந்தாமல் என்ன செய்யும்?

பறிகொடுத்தவர் 1930-க்குப் போன் செய்கிறார், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிகிறார். மத்திய உள்துறையின் ஐ4சி அமைப்பு 2021-ல் இதற்காகவே ஒரு முறையைக் கொண்டுவந்தது. புகார் பதிந்ததும் முதல் வங்கிக்குப் போகும். பணம் அங்கே இல்லை, இந்தக் கணக்குக்குப் போய்விட்டது என்று அவர்கள் குறித்தால் அடுத்த வங்கிக்குத் தாவும். இப்படியே சங்கிலி போய் உங்கள் கணக்கில் நிற்கும், ஏனென்றால் அதற்கு மேல் பணம் நகரவில்லை, காயின்தான் நகர்ந்தது. வங்கிகளின் கண்ணுக்குக் கடைசியில் இருப்பது நீங்கள்தான்.

செல்வி அம்மாவுக்கு 14,500 என்று வந்ததும் இதனால்தான். பலர் பணம் கலந்து வருகிறது, ஒருவர் புகார் கொடுத்தால் அந்தத் துளி மட்டும் தெரியும். இன்னொருவர் பிறகு புகார் கொடுத்தால் இன்னொரு ஹோல்டு வரும். ஒரே விற்பனைக்கு இரண்டு மாநிலங்களிலிருந்து மெயில் வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

தொகையை மட்டும் நிறுத்தினால் அது லியன். கணக்கையே முடக்கினால் டெபிட் ஃப்ரீஸ். கிளைக்குப் போனால் எது விழுந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள், இரண்டுக்கும் ஓட வேண்டிய ஓட்டம் வேறு.

சேலம்_மொபைல்ஸ்

இதில் இன்னொரு ரகம் உண்டு, எங்கள் கடைக்கு வந்த ஒரு பையனுக்கு நடந்தது. ஆன்லைனில் பழைய ஐபோன் 38,000-க்கு விளம்பரம். விற்பவன் ஒரு யூபிஐ ஐடி கொடுத்து, "இது எங்க அண்ணன் கணக்கு, இதில் போடுங்க, நாளைக்கு பார்சல் வரும்" என்றான். பையன் போட்டான். அந்த ஐடிக்குச் சொந்தக்காரர் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, அதே நேரத்தில் 38,000-க்கு யூஎஸ்டிடி விற்க உட்கார்ந்திருந்த யாரோ ஒருத்தர். அவருக்குப் பணம் வந்துவிட்டது, காயினை ரிலீஸ் செய்துவிட்டார். ஐபோனும் கிடையாது, காயினும் போச்சு, நடுவில் இருந்தவன் மாயம். பையன் கையில் இருப்பது அந்த விற்பனையாளரின் யூபிஐ ஐடி மட்டும்தான். புகாரில் அவர் பெயர்தான் ஏறியது.

பெயர் பார்க்கணும் என்று ராஜா சொன்னது இந்த ரகத்துக்குச் சரியாக உதவும். பணம் அனுப்பியது பையன், ஆர்டர் போட்டவன் வேறொருவன். "மனைவி கணக்கிலிருந்து அனுப்பினேன்", "கம்பெனி கணக்கு" என்று சாட்டில் எழுதுவான், நம்பக் கூடாது.

கவுன்டர்_3

பழைய வித்தைகளும் செத்துப்போகவில்லை. வங்கி மாதிரியே எழுதிய குறுஞ்செய்தி சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வரும். காசோலையை உங்கள் கணக்கில் போட்டுவிட்டு, வரவு வைத்த செய்தியைக் காட்டி அவசரப்படுத்துவான். கிளியரிங்கில் காசோலை திரும்பினால் வரவும் திரும்பிவிடும், காயின் திரும்பாது. பணம் வாங்க க்யூஆர் ஸ்கேன் பண்ணு, பின் நம்பர் போடு என்பவனிடம் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள், பணம் வாங்க யூபிஐ பின் தேவையே இல்லை. தனிநபருக்குத் தனிநபர் பணம் கேட்டு யூபிஐ கலெக்ட் கோரிக்கை அனுப்புவதை, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது, அந்த வழி ஒன்றுதான் அடைபட்டது.

டொராண்டோ_அபி

இங்கே கனடாவிலும் இதே கூத்துதான், வழி மட்டும் வேறு. இன்டராக் இ-டிரான்ஸ்ஃபரில் பணம் உடனே வரும், ஆட்டோடெபாசிட் என்றால் கேள்வி பதில்கூட இல்லை. ஆனால் அனுப்பிய கணக்கு ஹேக் செய்யப்பட்டது என்று தெரிந்தால் வங்கி உங்கள் கணக்கை நிறுத்தி விசாரிக்கும். பேபால் வாங்கிக்கொண்டு பிட்காயின் கொடுப்பவர்களைப் பார்த்தால் இன்னும் பாவம், வாங்கியவர் 180 நாள் வரை டிஸ்ப்யூட் போடலாம்.

மதுரை_வக்கீல்

சட்டப் பக்கம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

வங்கிக் கணக்கும் போலீஸ் கைப்பற்றக்கூடிய "சொத்து" என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 102, 2024 ஜூலை 1 முதல் அதே அதிகாரம் புதிய நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 106-ல். கைப்பற்றினால் நீதித்துறை நடுவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். நடைமுறையில் பல கணக்குகளுக்கு அது நடந்த மாதிரியே தெரியாது.

சந்தேகத் தொகை எவ்வளவோ அதை மட்டும் நிறுத்து, கணக்கையே முடக்காதே என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-லும், நம் சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் சொல்லியிருக்கின்றன. செல்வி மேடம் மாதிரி 14,500-க்காக மொத்தக் கணக்கும் நின்றால் முதல் கடிதத்திலேயே இதைக் குறிப்பிட்டு, லியனாக மாற்றச் சொல்லி வங்கியின் நோடல் அதிகாரிக்கும் விசாரணை அதிகாரிக்கும் எழுதுங்கள். சிலருக்கு அதிலேயே வேலை முடிந்திருக்கிறது. முடியாவிட்டால் பிஎன்எஸ்எஸ் 503-ன் கீழ் நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம், அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம்.

கிரிப்டோ விற்றதே குற்றமோ என்று பயந்து நிறையப் பேர் உண்மையை மறைக்கிறார்கள். தேவையில்லை. வங்கிகள் கிரிப்டோவுக்குச் சேவை தரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்துவிட்டது. வாங்குவதும் விற்பதும் குற்றம் இல்லை. பிரச்சினை வருகிற பணத்தில்தான்.

அங்கேதான் தம்பி நீங்கள் கேட்ட 4 ரூபாய் வருகிறது. திருட்டுச் சொத்தை வாங்குவது புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்-ன் 317. அதில் "தெரிந்தே" என்பது மட்டுமல்ல, "நம்பக் காரணம் இருந்தும்" என்பதும் உண்டு. சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த விலை ஒன்று இருக்க, முன்பின் தெரியாதவன் ஏன் கூடக் கொடுத்தான் என்று உங்களுக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லையா என்பதுதான் விசாரணையில் முதல் கேள்வியாக இருக்கும். அதற்கு நீங்கள் இங்கே எழுதியிருக்கிற முதல் பதிவைத்தான் காட்ட வேண்டியிருக்கும்!

இன்னொன்று, டிடிஎஸ் பற்றி. அந்த 1 சதவீதம் காணாமல் போகிற பணம் இல்லை. வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் தெரியும், வரி கட்டும்போது கழித்துக்கொள்ளலாம். உங்கள் 1,80,000-க்கு 1,800 ரூபாய்தான். அந்தப் பிடித்தம் பி2பிக்கும் உண்டு, டெலிகிராமுக்குப் போனதால் சட்டம் மாறிவிடாது. லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீதமும் செஸ்ஸும். போன மாதம் மற்ற காயின்களை யூஎஸ்டிடியாக மாற்றினீர்களே, அதுவே விற்பனைக் கணக்கில் வரும், ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நெல்லை_அண்ணாச்சி

வக்கீல் சார், அப்போ நேரில் பார்த்து ரொக்கமாக வாங்கிவிட்டால்?

மதுரை_வக்கீல்

ஒருவரிடம் ஒரு நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அதே தொகை அபராதம். அதற்குக் கீழே என்றால் அந்த அபராதம் வராது. கள்ள நோட்டு, வழிப்பறி பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பி2பி_ராஜா

எல்லோரும் சேர்ந்து பி2பியே பாவம் என்கிற மாதிரி பேசுகிறீர்கள். என் அனுபவத்தில் ஆயிரம் ஆர்டரில் ஒன்றுக்குத்தான் ஹோல்டு வரும். அதற்குத்தான் நான் தனிக் கணக்கு வைத்திருக்கிறேன், சம்பளமோ தவணையோ அதில் கிடையாது. மாட்டினால் அந்தக் கணக்கு மட்டும் நிற்கும், தீரும்போது தீரட்டும். வாங்குபவரிடம் சம்பளச் சீட்டு, ஆறு மாத ஸ்டேட்மென்ட்கூடக் கேட்டு வாங்குகிறேன். தராதவரிடம் விற்பதில்லை.

செல்வி_கோவை

ஆயிரத்தில் ஒன்று என்பது உங்களுக்கு ஒரு எண் சார். மாதச் சம்பளக்காரருக்கு அந்த ஒன்று வந்தால் போதும்.

ஸ்டேட்மென்ட் கேட்பது நல்ல யோசனை, அதை ஒத்துக்கொள்கிறேன். பணம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்புதான் அந்தக் கணக்குக்கே பெரிய தொகை வந்து சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் 2,000 யூஎஸ்டிடி விற்கிற ஒருத்தர் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

கவுன்டர்_3

தனிக் கணக்கு என்று நிம்மதியாக இருக்காதீர்கள் ராஜா. ஒரே வங்கியில் என்றால் ஒரே வாடிக்கையாளர் எண், சில வங்கிகள் அதன் கீழ் உள்ள எல்லாக் கணக்குகளையும் சேர்த்தே நிறுத்துகின்றன. நிறைய ஹோல்டு சேர்ந்தால் மியூல் பட்டியலிலும் பெயர் ஏறலாம். ஐ4சி 2024-ல் சந்தேக நபர் பதிவேடு ஒன்றை ஆரம்பித்து வங்கிகளோடு பகிர்கிறது. ரிசர்வ் வங்கியின் கண்டுபிடிப்பு மையமும் மியூல் கணக்குகளை மோப்பம் பிடிக்க மென்பொருள் செய்திருக்கிறது. தினமும் பல ஊர்களிலிருந்து பணம் வந்து, வந்த வேகத்தில் வெளியே போகிற கணக்கு, உங்கள் கணக்கானாலும் திருடன் கணக்கானாலும், மெஷினுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

மதுரை_வக்கீல்

அதோடு ராஜா, தினமும் தொழிலாகச் செய்வதாகச் சொல்கிறீர்கள். 2023 மார்ச் 7 அறிவிக்கைப்படி, பிறருக்காகத் தொழில்முறையில் கிரிப்டோவைப் பணமாக மாற்றித் தருபவர்கள் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள், மத்திய நிதி உளவுப் பிரிவான எஃப்ஐயுவில் பதிய வேண்டும். பைனான்ஸ் (Binance) என்கிற பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கே 2024-ல் 18 கோடியே 82 லட்சம் அபராதம் போட்டார்கள். உங்கள் வேலை அந்த வரையறைக்குள் வருகிறதா என்று ஒரு முறை யாரிடமாவது உட்கார்ந்து கேளுங்கள், இங்கே பொதுவில் நான் சொல்லவில்லை.

பி2பி_ராஜா

சரி சார், அதை விசாரிக்கிறேன். ஆனால் கூட விலை கொடுப்பவன் எல்லாம் திருடன் என்பதை இப்பவும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1 ரூபாய், 1.50 கூட என்றால் இயல்பு. 4 ரூபாய் என்றால் நானும் விற்க மாட்டேன், அது உண்மை.

திருப்பூர்_பனியன்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை எஃப்ஐயுவில் பதிந்த எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் ரூபாய் சந்தையிலேயே விற்றுவிட்டேன். டிடிஎஸ் போக மீதி கணக்குக்கு வந்துவிட்டது. ஆர்டர் ரசீது, 2021-ல் வாங்கிய ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் பிடிஎஃப்ஆக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் டெலிகிராம் ஆள் விடுவதாக இல்லை. காயின் விற்றாச்சு என்றதும் புதுக் கதை சொல்கிறார். "பரவாயில்லை ப்ரோ, உங்க கரண்ட் அக்கவுண்ட் கொஞ்ச நாளைக்குக் கொடுங்க, அதில் எங்க கம்பெனி பேமென்ட் வரும், நீங்க யூஎஸ்டிடி வாங்கி அனுப்பினால் போதும், வருகிறதில் 2 சதவீதம் உங்களுக்கு" என்கிறார். என் ஜாப் ஒர்க் கணக்கைப் பற்றி எப்போது சொன்னேன் என்றே நினைவில்லை. ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்றும் கேட்கிறார்.

நெல்லை_அண்ணாச்சி

அட, 4 ரூபாய் ஆளுக்குத் தேவைப்பட்டது காயினே இல்லையா!

மதுரை_வக்கீல்

தம்பி, பதில் போடாதீர்கள். ஆனால் உடனே பிளாக் பண்ணவும் வேண்டாம். முதலில் அந்த உரையாடல், குழுவின் பெயர், அவருடைய யூசர்நேம், கொடுத்த எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவர் அழித்துவிட்டால் உங்களிடம் ஒன்றும் இருக்காது. விற்பனையாளராக மாட்டினால் நீங்கள் சாட்சி, அல்லது கொஞ்ச நாள் அலைச்சல். கணக்கை வாடகைக்குக் கொடுத்து மாட்டினால் முதல் லேயர் நீங்கள்தான், கமிஷன் வாங்கியதும் உங்கள் ஸ்டேட்மென்டிலேயே இருக்கும், அப்போது எந்த வக்கீல் வந்தாலும் முதலில் ஜாமீன் மனுதான் போட வேண்டும். கரண்ட் அக்கவுண்டில் ஒரு நாளைக்குப் பெரிய தொகைகள் ஓடினாலும் இயல்பாகத் தெரியும், அதனால்தான் ஜிஎஸ்டி கேட்கிறான்.

தேசிய சைபர் குற்றத் தளத்தில் சந்தேக நபரைப் பற்றித் தெரிவிக்கத் தனிப் பகுதி இருக்கிறது, பணம் இழக்காவிட்டாலும் பதியலாம். அந்த யூசர்நேமையும் எண்ணையும் அங்கே போட்டுவிட்டு, அப்புறம் பிளாக் செய்யுங்கள்.

கவுன்டர்_3

கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, ஆதார் படம் இதில் எதையாவது ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே கிளையில் எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கி வையுங்கள். அந்தக் கணக்கோடு இணைந்த சிம்மையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அடுத்து அதைத்தான் கேட்பான்.

திருப்பூர்_பனியன்

யூபிஐ ஐடி மட்டும்தான் கொடுத்திருக்கிறேன் சார். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு, மதியம் பதிகிறேன்.